எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கைப்பேசி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

சாட்ஸ்வர்த் மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். புனித வெள்ளியன்று மாமியாரை இசிப்பிங்கோ ரெயில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அன்றைய கூட்டத்தைப் பற்றி டர்பன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு வீடு திரும்பிய பிறகுதான் அவருடைய கைப்பேசி இல்லை என்று தெரிந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி, அழைத்தால் மணி போகிறது, யாரும் எடுப்பதில்லை. எண்ணைத் தவிர வேறு விவரம் என்னிடம் இல்லை. வாங்கிய பெட்டியையும் எப்போதோ எறிந்துவிட்டார்கள்.

இணையத்தில் தேடியபோது, எண்ணைக் கொடுத்தால் இடத்தைக் காட்டுவதாக ஒரு தளம் சொன்னது. எண்ணை இட்டதும், கோபுரங்களுடன் தொடர்புகொள்வதாக ஒரு பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து, ‘டர்பனில் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று மங்கலான வரைபடம் ஒன்று வந்தது. அதைத் தெளிவாகப் பார்க்க 349 ராண்ட் கட்ட வேண்டுமாம். கட்டலாமா? காலஞ்சென்ற மாமனாரின் குரல் பதிவுகள் அந்தக் கைப்பேசியில்தான் இருக்கின்றன என்பதால் பணத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பீனிக்ஸ்வாசி:
ட்ரூகாலரில் எண்ணைப் போட்டுப் பாருங்கள் அக்கா, ஊர் தெரியும் என்று நினைக்கிறேன்.

கோபுரத்தான்:
தங்கையே, பணம் கட்டாதீர்கள். கைப்பேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ட்ரூகாலர். பலருடைய முகவரிப் புத்தகங்களிலிருந்து திரட்டிய பெயர்களைத்தான் அது காட்டுகிறது. தொலைந்த கைப்பேசி இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தும் எதையும் முடிவு செய்ய இயலாது. 2006-இல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி தென்னாப்பிரிக்காவுக்கு வந்த பிறகு, 082, 083 என்ற முன்னெண்கள் எந்த நிறுவனம் என்பதைக்கூட உறுதியாகச் சொல்வதில்லை; பிறகு இடத்தை எப்படிச் சொல்லும்?

உண்மையில் எண் என்பது சேவை நிறுவனத்தின் பதிவேட்டில், உங்கள் சிம்மின் அடையாளத்துக்கு எதிரே எழுதப்பட்ட ஒரு வரி, அவ்வளவுதான். நீங்கள் மாமியாரை அழைக்கும்போது, அந்தச் சிம் கடைசியாக எந்த வட்டாரத்தில் பதிவானது என்று நிறுவனம் தன் பதிவேட்டைப் பார்த்து, அந்த வட்டாரத்துக் கோபுரங்கள் வழியாகக் கூவி அழைக்கிறது. கைப்பேசி ‘இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு கோபுரத்துக்குப் பதில் தந்த பிறகே மணி அடிக்கிறது. ஆகவே நிறுவனத்துக்குக் கோபுரம் தெரியும், கோபுரத்தின் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். பெரும்பாலான கோபுரங்கள் 120 பாகை வீதம் மூன்று பக்கங்களாகப் பிரிக்கப்பட்டவை. ஆனால் அது வீட்டு எண் வரை போகாது. நகரத்தில் சில நூறு மீட்டர், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பல கிலோமீட்டர் என்று வட்டம் விரிந்துகொண்டே போகும். இந்தத் தகவலை நிறுவனம் பொதுவாக வாடிக்கையாளருக்குத் தருவதில்லை, இப்படிப்பட்ட இணையத் தளத்துக்கும் தராது.

முடியவே முடியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய சமிக்ஞை முறையில் புகுந்து, எண்ணை மட்டும் கொண்டு ஒருவர் இருக்கும் பகுதியை அறியலாம் என்று 2014-இல் ஜெர்மனியில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் கதவைத் திறக்கக்கூடியவர் 349 ராண்டுக்காக உங்களிடம் வந்து நிற்க மாட்டார்.

ஒரு சோதனை செய்யுங்கள். அதே தளத்தில் பத்துப் பூஜ்யங்களை இட்டுப் பாருங்கள். பிறகு இன்னும் இரண்டு விவரங்கள் வேண்டும்: இப்போதும் மணி போகிறதா? அந்தக் கைப்பேசியில் இருப்பது எந்தக் கூகுள் கணக்கு?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கார்:
கோபுரத்தான் தம்பி சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. என் பக்கி (சிறிய சரக்கு வண்டி) திருடு போனபோது, வண்டிக்குள் நான் விட்டுவந்த கைப்பேசியின் எண்ணைத்தான் போலீசார் வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் வண்டி கிடைத்தது.

கோபுரத்தான்:
ஐயா, நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான். போலீசார் கேட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி நீதிபதியின் ஆணை பெற்று அழைப்புப் பதிவுகளை வாங்குவார்கள். உயிருக்கு ஆபத்து என்ற அவசர நிலையில் ஒருவர் இருக்கும் இடத்தை அறிய, நாம் சிம் வாங்கும்போது அடையாள அட்டை நீட்டுகிறோமே, அந்த ரிக்கா சட்டத்திலேயே 8-ஆம் பிரிவு வழி தருகிறது. (ரிக்காவில் பதிவான முகவரி கைப்பேசி இருக்கும் இடம் அன்று, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) தொலைந்தது பொருளாக இல்லாமல் ஆளாக இருந்தால், இணையத்தில் தேடிக்கொண்டிராமல் உடனே காவல் நிலையம் செல்ல வேண்டும், 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வெறும் வதந்தி.

சாட்ஸ்வர்த் மருமகள்:
அண்ணா, பத்துப் பூஜ்யங்களும் ‘டர்பனில் கண்டுபிடிக்கப்பட்டது’! அதே பச்சைப் பட்டை, அதே மங்கல் படம். மணி இன்னமும் போகிறது. கூகுள் கணக்கு என்றால் மாமியாருக்குத் தெரியவில்லை.

கோபுரத்தான்:
உங்கள் இணைய இணைப்பு டர்பனுக்குரியது. அதைத்தான் தளம் உங்களுக்கே திருப்பிக் காட்டியிருக்கிறது.

மணி போவது நல்ல அறிகுறி. திருடியவன் முதலில் சிம்மைக் கழற்றுவான், அல்லது அணைத்துவிடுவான். இத்தனை மணி நேரமாக அடித்தும் எவர் காதிலும் விழவில்லை என்றால், கோயிலுக்குள் ஒலியை நிறுத்தி வைத்தாரா என்று கேளுங்கள். கைப்பேசியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். பெரியவர்களின் கைப்பேசியில் பெரும்பாலும் அவருடைய கணக்குதான் இருக்கும். அந்தக் கணக்கில் நுழைந்து கூகுளின் ஃபைண்ட் ஹப் பக்கத்தைத் திறந்தால், கைப்பேசி இணையத்தில் இருக்கும் பட்சத்தில் இடம் தெரியும். ‘ஒலி எழுப்பு’ என்ற பொத்தானை அழுத்தினால், ஒலி நிறுத்தப்பட்டிருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அலறும்.

சாட்ஸ்வர்த் மருமகள்:
கிடைத்துவிட்டது. அமைத்துக் கொடுத்தவன் நாத்தனார் மகன். அவன் தன் கணக்கில் நுழைந்து பார்த்தபோது வரைபடப் புள்ளி இசிப்பிங்கோவில் இல்லை, மெர்பேங்க்கில் சின்ன மாமியார் வீட்டின் மேல் இருந்தது. கோயிலிலிருந்து திரும்பும் வழியில் அங்கே தேநீர் குடிக்க இறங்கியதை நாங்கள் அனைவருமே மறந்திருந்தோம். அடிக்கடி போகும் வீடு என்பதால் கைப்பேசி அவர்கள் வீட்டு வைஃபையில் தானாகவே சேர்ந்துகொண்டிருக்கிறது. அவன் பொத்தானை அழுத்த, சின்ன மாமியார் தொலைபேசியைக் காதில் வைத்தபடி அறை அறையாக நடந்தார்; சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அர்ச்சனைப் பைக்குள், உடைத்த தேங்காய் மூடிகளுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. தேங்காய் நீரில் உறை நனைந்திருந்தாலும் உள்ளே ஈரம் இறங்கவில்லை. குரல் பதிவுகளை இன்றே என் கணினியிலும் எடுத்து வைத்துவிட்டேன்.

கோபுரத்தான்:
மகிழ்ச்சி. இப்போதே அதில் *#06# அழுத்தி, திரையில் வரும் கருவியின் 15 இலக்க அடையாள எண்ணை எழுதி வையுங்கள். என்றைக்காவது உண்மையாகவே திருடு போனால், அந்தக் கருவியை முடக்கச் சொல்லிக் கேட்கும்போது சேவை நிறுவனத்துக்கு அது உதவும்.

சாட்ஸ்வர்த் மருமகள்:
இரண்டு வரிசை எண்கள் வருகின்றனவே அண்ணா, எதை எழுதுவது?

கோபுரத்தான்:
இரண்டு சிம் போடும் கைப்பேசி என்பதால்தான். இரண்டையும் எழுதுங்கள்.