1951 சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி: மற்றவர்கள் மட்டும் போயிருக்கலாமா?

ஹட்டன் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தரம் 10 குடியியற் கல்வி வகுப்பில் பாகுபாடு பற்றிப் பேசியபோது, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951ஆம் ஆண்டு உதைபந்தாட்ட அணியின் கதையைச் சொன்னேன். ஒன்பது ஆட்டங்களிலும் வென்றிருந்தும் பருவ இறுதியில் அந்த அணிக்கு எந்தப் பெரிய போட்டியிலும் இடம் கிடைக்கவில்லை. கறுப்பின வீரர்கள் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்ற நிபந்தனையை ஏனைய வீரர்கள் ஏற்க மறுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "மற்றவர்கள் போய் விளையாடியிருந்தால் அந்த இருவருக்கும் என்ன குறைந்திருக்கும், டீச்சர்?" என்று கேட்டாள். அவள் குதர்க்கமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினாள். நாளை மறுநாள் அவளுக்கு நான் விடை சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தைப் பற்றி அறிந்தவர்கள் உதவுங்கள்.

கண்டி வாசகர்:
வணக்கம் டீச்சர். முதலில் பிள்ளைகளுக்கு இரண்டு விடயங்களைத் தெளிவுபடுத்திவிடுங்கள். இந்த ஆட்டத்தை அமெரிக்காவில் கல்லூரி உதைபந்தாட்டம் என்பார்கள். நாம் கல்லூரி என்றால் பாடசாலையை நினைப்போம். அங்கே அது பல்கலைக்கழகத்தைக் குறிக்கும். ஆட்டமும் நமது உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுகின்ற, றக்பிக்கு நெருக்கமான ஆட்டம். பிரட்பி கேடய றக்பிப் போட்டியைப் பார்த்து வளர்ந்த கண்டிப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

அடுத்தது, அழைப்பு என்ற முறை. அக்காலத்தில் வெற்றிபெற்ற அணிகள் படிப்படியாக முன்னேறிச் சேரும் இறுதிப் போட்டி என்று எதுவும் இருக்கவில்லை. புத்தாண்டை ஒட்டிச் சில நகரங்களில் 'பவுல்' எனப்படும் போட்டிகள் நடக்கும். பெரும்பாலும் அந்தந்தப் போட்டியின் ஏற்பாட்டுக் குழு தான் விரும்பிய அணியை அழைக்கும். ஆகையால் ஒன்பது வெற்றிகளும் அந்த அணிக்கு எந்த உரிமையையும் தரவில்லை. எல்லாம் குழுவின் விருப்பத்திலேயே தங்கியிருந்தன. மயாமி, நியூ ஓர்லியன்ஸ் போன்ற தென்மாநில நகரங்களில் நிறப்பிரிவினை நடைமுறையில் இருந்த காலம் அது.

அந்த அணி மோதிய எதிரணிகள் வலுவற்றவை என்பதே வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம். அதை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் என்னால் நம்பவும் முடியவில்லை. ஓலி மேட்சன் அந்தப் பருவத்தில் 1,566 யார் தூரம் பந்தோடு ஓடி, நாட்டிலேயே முதலிடம் பெற்றிருந்தார். தற்காப்பில் பேர்ல் டோலர் இருந்தார். உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஜீனோ மார்க்கெட்டியும் இருந்தார். மேட்சனும் டோலரும்தான் அந்தக் கறுப்பின வீரர்கள். பயிற்றுநர் ஜோ குஹாரிச் நிலைமையை எடுத்துச் சொன்னபோது, இருவரும் இல்லாமல் போவதில்லை என்று அணி ஒரே குரலில் சொல்லிவிட்டது.

தென்மாநிலங்களில் எல்லாக் கதவுகளும் மூடியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1948 ஜனவரி 1 அன்று டெக்சஸின் டலஸ் நகரில் நடந்த கொட்டன் பவுல் போட்டியில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காகக் கறுப்பின வீரர்கள் இருவர் ஆடினார்கள். அதே அணி, அவ்விருவரையும் அழைத்துவர முடியாது என்பதற்காக, 1946இல் மயாமியில் ஆடவிருந்த ஆட்டத்தையே கைவிட்டிருந்தது.

பதுளை வாசகர்:
கண்டி நண்பர் பணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபையினர் நடத்தும் சிறிய நிறுவனம். உதைபந்தாட்டத்தினால் அதற்கு நட்டமே மிஞ்சியது. ஒரு பவுல் போட்டியின் வருமானம் அந்த அணியைக் காப்பாற்றியிருக்கக்கூடும். அது கிடைக்காத நிலையில், அந்தப் பருவத்தோடு பல்கலைக்கழகம் உதைபந்தாட்டத்தை நிறுத்திவிட்டது. ஆகவே அந்த மறுப்பு, பாராட்டுப் பெறுவதற்காகச் செலவின்றிச் சொன்ன வார்த்தை அன்று என்பதை உங்கள் மாணவி அறிய வேண்டும்.

மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீற்றரில் வெண்கலமும் 4x400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் வெள்ளியும் வென்றார். டோலர் முழங்கால் காயத்தால் தொழில்முறை ஆட்டத்தை இழந்து, 1965இல் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் முதல் கறுப்பின நடுவராக மைதானத்தில் இறங்கினார்.

நோர்வூட் வாசகர்:
மகள், உங்கள் மாணவியின் கேள்விக்கு நான் என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவன் நான். இளவயதில் எங்கள் தோட்ட உதைபந்தாட்ட அணியை வெளியூரில் நடந்த ஒரு போட்டிக்கு அழைத்தார்கள். பிரஜாவுரிமைப் பத்திரம் இருப்பவர்கள் மட்டும் வரலாம் என்றார்கள். எங்களில் இருவரிடம் பத்திரம் இல்லை. அவர்களே "நீங்கள் போய் வாருங்கள்" என்றார்கள். நாங்களும் போனோம்.

ஆட்டத்தில் வென்றோம். இரவு பஸ்ஸில் திரும்பி வந்தபோது, இருவரும் லயத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நாங்கள் யாரும் முழுவதாகச் சொல்லவில்லை. மறுநாள் மாலை மைதானத்துக்கு அவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.