ஹென்றி மன்னரின் குழல்காரர்கள்: திறமைக்குக் கிடைத்த இடமா, குடும்பச் சொத்தா?

பழையஏடு:
வெனிஸிலிருந்து வந்த பஸ்ஸானோ சகோதரர்கள் ஐந்து பேரை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1540இல் அரண்மனை ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் மரக்குழல்) குழுவாக நியமித்தார். ஆல்வீசே, ஜான், ஆண்டனி, ஜாஸ்பர், பாப்டிஸ்டா. வெளிநாட்டுத் திறமைக்குக் கதவைத் திறந்த மன்னர் என்று இதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறோம். திறந்த கதவை அந்தக் குடும்பம் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதை யாரும் பேசுவதில்லை. அந்தக் குழு 1630 வரை நடந்தது. தொண்ணூறு வருஷம், வாழையடி வாழையாக.

குழல்கிறுக்கன்:
முழுசாகச் சரியில்லை சார். ஹென்றியின் மகள் எலிசபெத் அரசி காலத்தில் அதே குழுவில் வில்லியம் டேமன் வாசித்தார். அவர் பஸ்ஸானோ இல்லையே?

பழையஏடு:
அவரும் வெளிநாட்டுக்காரர்தான். அடுத்து, அதே குழுவில் வாசித்த அல்போன்ஸோ லானியர் பெயரைச் சொல்வீர்கள். அவர் பாப்டிஸ்டாவின் மகள் எமிலியாவைக் கட்டியவர். மகன் இல்லாத இடத்தில் மருமகன்!

குழல்கிறுக்கன்:
சிரித்துவிட்டேன். ஆனால் நீங்கள் ஆட்களை மட்டும் எண்ணுகிறீர்கள், குழலைப் பார்க்கவில்லை. தம்புரா என்றால் பிருடையை முறுக்கிச் சுருதி சேர்த்துவிடலாம். மரத்தில் போட்ட துளையை எங்கே முறுக்குவது? சின்னதும் பெரியதுமாக ஐந்தாறு குழல் ஒன்றாக ஊதும்போது இழையவேண்டுமானால் அவை ஒரே கையில், ஒரே அளவுக்கோலில் கடைந்திருக்க வேண்டும். பஸ்ஸானோக்கள் வாசித்தவர்கள் மட்டுமல்ல, கருவியும் செய்தவர்கள். ஹென்றி இறந்தபின் 1547இல் எடுத்த சொத்துப் பட்டியலில் ரெக்கார்டர் மட்டும் 76. மன்னர் ஐந்து வித்வான்களைக் கூட்டிவரவில்லை, ஒரு பட்டறையையே கூட்டிவந்தார்.

யாத்ரீகன்21:
அவர்கள் யூதர்கள்தானே? 1290இல் இங்கிலாந்து யூதர்களை வெளியேற்றியிருந்ததால்தான் அதை மறைத்து வாழ்ந்தார்களா?

மலர்விழி:
அது ஆய்வாளர்களுக்குள்ளேயே தீராத வழக்கு, அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே யாரும் ஜான் பிளாங்க்கைச் சொல்லவில்லையே? இதே அரண்மனையில் எக்காளம் ஊதிய கறுப்பினத்தவர். 1511இல் நடந்த குதிரைவீரர் போட்டி விழாவுக்காக வரைந்த ஓவியச் சுருளில் தலைப்பாகையோடு குதிரைமேல் இருக்கிறார். நாளுக்கு 8 பென்ஸ் சம்பளம். டொமினிக் ஜஸ்டினியன் என்ற எக்காளக்காரர் இறந்ததும், அந்த இடத்தையும் 16 பென்ஸையும் தனக்குத் தரச்சொல்லி மனுப் போட்டார். மன்னர் கையெழுத்தும் போட்டார். 1512இல் பிளாங்க் கல்யாணத்துக்கு மன்னர் உடுப்புகூடக் கொடுத்தார். அதற்குப்பின் பிளாங்க் பெயர் அரண்மனைக் கணக்கில் வருவதில்லை. தனக்குப் பின்னால் நிற்க அண்ணன் தம்பி இல்லாதவர் மனு எழுதித்தான் பிழைக்கவேண்டியிருந்தது. பஸ்ஸானோக்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில் என்ன தப்பு?

குழல்கிறுக்கன்:
அதேதான் மேடம். 1517 மே மாதம் லண்டன்காரர்கள் அந்நியர் வீடுகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கியதை நினைத்துப் பாருங்கள். அந்த ஊரில் இவர்களைக் குடிவைத்த இடம் சார்ட்டர்ஹவுஸ் மடம். மன்னரைத் திருச்சபைத் தலைவராக ஏற்காததற்காக 1535இல் அந்த மடத்துத் துறவிகளைக் கொன்றிருந்தார்கள். ஆள் காலியான மடத்தில் வெனிஸ் குழல்காரர்கள்! அக்கம்பக்கத்தார் அன்பாகப் பார்த்திருப்பார்களா? மன்னர் கைவிட்டால் அன்றைக்கே தெரு.

பழையஏடு:
பயந்து ஒண்டியது முதல் தலைமுறை, சரி. எமிலியா 1569இல் பிறந்தது லண்டனில். 1611இல் ஆங்கிலத்திலேயே கவிதைப் புத்தகம் அச்சில் போட்டவர். அந்தத் தலைமுறையை இன்னும் அகதி என்பீர்களா? உள்ளூரில் பிறந்த ஒரு பையன் ரெக்கார்டரில் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் அவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

குழல்கிறுக்கன்:
பஸ்ஸானோ வீட்டைத்தான். கற்றுத்தரவும் குழல் கடையவும் அங்கேதானே ஆள் இருந்தது.

பழையஏடு:
தட்டினால் திறக்க வேண்டுமே. துளைக் கதையை ஏற்றுக்கொள்கிறேன், நிஜமாகவே எனக்குத் தோன்றாத விஷயம். ஆனால் 1630இல் எல்லாக் காற்றுக்கருவிக்காரர்களையும் ஒரே அமைப்பாக்கினார்கள். அங்கேயும் பஸ்ஸானோ, பஸ்ஸானோ, லானியர், லானியர். அதற்கும் துளைதான் காரணமா?