17 கோலா, 17 புள்ளியா? புல்யுயார்வி விவகாரம்

பக்பொறுக்கி:
பக்கத்து ஐஸ் ஹாக்கி இழையில் நேற்று எண்ணெய்க்கிணறு அண்ணன் உதிர்த்த முத்தை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "ஜூனியர் உலகக் கோப்பையில 17 கோல் அடிச்ச பெடியனை ஒரே வருசத்தில ஒரு கோலுக்கு இறக்கினது எட்மண்டன் நிர்வாகம்." படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பையன், வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் எட்மண்டன் அணி எடுத்த ஃபின்லாந்து வீரர் யெஸ்ஸெ புல்யுயார்வி, அந்தத் தொடரில், ஹெல்சின்கியில், 7 ஆட்டத்தில் அடித்தது 5 கோல். ஐந்து. கூட 12 அசிஸ்ட், அதாவது அடுத்தவன் கோலடிக்கக் கொடுத்த பாஸ். ஆக 17 புள்ளி. கோல் இல்லை, புள்ளி. இது தெரியாமல் நிர்வாகத்தைத் திட்டக் கிளம்பியாயிற்று.

எண்ணெய்க்கிணறு:
தம்பி, விடியவே துவங்கிட்டீரோ? நான் 17 எண்டு எழுதினன். நீரும் 17 எண்டுதான் எழுதியிருக்கிறீர். பிறகென்ன சண்டை? அந்தத் தொடரின்ர சிறந்த ஆட்டக்காரன் அவன், 17 வயசில. அதை விட்டிட்டுக் கோல், புள்ளி எண்டு கொசு அடிக்கிறீர். எட்மண்டனில முதல் சீசன் 28 ஆட்டம், ஒரு கோல். அந்த ஒண்டும் முதல் ஆட்டத்திலயே, 2016 ஒக்டோபர் 12, கல்கரிக்கு எதிரா. நான் வேலை முடிஞ்சு வந்து சப்பாத்தும் கழட்டாமல் ரீவிக்கு முன்னால நிண்டு துள்ளினனான். மிச்ச 27 ஆட்டமும் வெறுங்கை. ஜனவரியில கீழ்மட்ட அணியான பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பியாச்சு. பெடியனைக் கிணத்துக்குள்ள தள்ளிப்போட்டு நீந்தேல்லை எண்டு சொல்லுறது என்ன நியாயம்?

பக்பொறுக்கி:
"17ம் 17ம் ஒன்றுதானே." அடடா. அப்படியென்றால் பந்தியில் பாயசம் ஊற்றியவனும் மாப்பிள்ளைதான். ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரைக்கும் அசிஸ்ட் கிடைக்கும் அண்ணா. வலைக்குள் போவது ஒரு பக் (பனியில் அடிக்கும் வட்டத் தட்டு), கணக்கில் ஏறுவது மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு புள்ளி. ஃபின்லாந்துக்காரர்களே 5+12 என்று பிரித்துத்தான் போடுவார்கள். கூட்டல் குறி சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

தாம்பரத்தான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்த 2015-16 சீசனில் நிஜமாகவே 17 கோல் அடித்த ஃபின்லாந்துப் பையன் ஒருவன் இருக்கிறான். பேட்ரிக் லைனே. எங்கள் ஊர் தாம்பரம் மாதிரியே ஒலிக்கும் தாம்பெரேக்காரன். ஃபின்லாந்தின் முதல்நிலை லீக்கான லீகாவில் தப்பாரா அணிக்கு 46 ஆட்டம், 17+16. அப்புறம் கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃபில் 10 கோல், கோப்பை, சிறந்த ஆட்டக்காரர் விருது. அதே லீகாவில் கார்ப்பாட் அணிக்கு புல்யுயார்வி 50 ஆட்டத்தில் 13+15. அண்ணன் ஆளை மாற்றிப் படித்துவிட்டார் போல.

பக்பொறுக்கி:
இதோ! நோய்க்கு மூலம் கிடைத்துவிட்டது. லைனேவின் 17ஐ எடுத்து புல்யுயார்வி தலையில் கட்டியிருக்கிறார்.

எண்ணெய்க்கிணறு:
நான் ஆரையும் மாத்திப் படிக்கேல்லை. ரெண்டு பெடியளையும் எனக்குத் தெரியும். தாம்பரத்தாருக்கு எந்த இழையில போனாலும் லைனே புராணம்தான். கறிக்கு உப்புக் காணாது எண்டாலும் லைனேவைத்தான் இழுப்பார்.

நீலச்சட்டை:
லைனே லைனே எண்டு சொல்லுற ஆக்களுக்கு: என்எச்எல் அணிகள் புது ஆட்டக்காரரை வரிசையா எடுக்கிற 2016 தேர்வில முதலாவது மேத்யூஸ், எங்கட டொரொண்டோ. லைனே ரெண்டாவது. முதல் சீசன் மேத்யூஸ் 40 கோல், லைனே 36. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது எங்க போனது எண்டு சொல்லத் தேவையில்லை.

தாம்பரத்தான்:
82 ஆட்டத்தில் 40. லைனே 73 ஆட்டத்தில் 36. வகுத்துப் பாருங்கள், வகுக்கத் தெரிந்தால். ஜனவரியில் பஃபலோவில் தலையில் அடிபட்டு ஆட்டங்களை இழந்தவன் அவன். 2016 அக்டோபர் 19 ஞாபகம் இருக்கிறதா? லைனேவின் வின்னிபெக்குக்கு எதிராக உங்கள் டொரொண்டோ 4-0 முன்னிலை. லைனே ஹாட்ரிக், கூடுதல் நேரத்தில் கடைசி கோலும் அவனுடையதே, 5-4. மேத்யூஸும் அன்றைக்குப் பனியில்தான் இருந்தார்.

நீலச்சட்டை:
ஒரு ஆட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு இன்னும் எத்தனை வருசம் ஓட்டப் போறியள்? 40 எண்டா 40.

பக்பொறுக்கி:
இது மேத்யூஸ் இழை இல்லை. 17 கோல் என்று எழுதியது தவறு என்று அண்ணன் சொல்லட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்.

பனிமூட்டம்:
முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். ஜெஸ்ஸி புல்ஜுஜார்வி. எழுத்தில் 'ஜே' இருக்கிறது. அத்துடன் அவர் பிறந்தது ஸ்வீடனில், எல்வ்கார்லேபியில். ஃபின்லாந்து ஃபின்லாந்து என்று ஏன் இத்தனை கூச்சல்?

பக்பொறுக்கி:
வாருங்கள், உங்களைத்தான் காணோம் என்று பார்த்தேன். ஃபின்னிஷில் 'ஜே' என்பது ய. பழைய ஃபின்லாந்து வீரர் யாரி குர்ரியை ஜாரி என்று கூப்பிட்டுப் பாருங்கள். பிறந்தது ஸ்வீடன், வளர்ந்தது தோர்னியோவில். அந்த ஊரிலிருந்து பாலம் தாண்டினாலே ஸ்வீடன். ஆடியது ஃபின்லாந்துக்கு. பிரசவ ஆஸ்பத்திரியா தேசிய அணியைத் தீர்மானிக்கும்? போன மாதம் இன்னொரு ஃபின்லாந்து வீரர் பார்கோவ் பற்றிய இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

பனிமூட்டம்:
தனிப்பட்ட தாக்குதல். குறித்துக்கொண்டேன்.

எண்ணெய்க்கிணறு:
நான் சொல்ல வந்த விசயத்துக்கு ஒருத்தரும் வரேல்லை. அந்த வயசில, ஆங்கிலம் வடிவா வராமல் வந்து இறங்கின பெடியன். பேக்கர்ஸ்ஃபீல்டில வைச்சுப் பழக்கிப்போட்டு மேல கூப்பிட்டிருக்கலாம். இல்லை, மேல, கீழ, மேல, கீழ. 2018-19இல 46 ஆட்டம், 4 கோல், இடுப்பில அறுவை. வெறுத்துப்போய் ஊருக்குப் போனான். போனவுடன என்ன நடந்தது? 2019-20, கார்ப்பாட், 56 ஆட்டம், 24 கோல், 29 அசிஸ்ட், 53 புள்ளி. இப்ப சொல்லுங்கோ, பிழை ஆரில?

பக்பொறுக்கி:
நில்லுங்கள், நில்லுங்கள். "24 கோல், 29 அசிஸ்ட், 53 புள்ளி." அண்ணன் கையாலேயே தட்டியது! இங்கே மட்டும் கோல் வேறு, புள்ளி வேறு என்று பிரிகிறதே, எப்படி? உங்கள் கணக்குப்படி 53 கோல் என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

எண்ணெய்க்கிணறு:
அது விளக்கமா எழுதினது. இது சுருக்கமா எழுதினது.

பக்பொறுக்கி:
சுருக்கம்! 5ஐச் சுருக்கினால் 17 வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தாம்பரத்தான்:
நிர்வாகம் நிர்வாகம் என்கிறீர்களே, 2016 தேர்வில் எட்மண்டன் புல்யுயார்வியை நாலாவதாக எடுத்தது. மூன்றாவது இடத்தில் இருந்த கொலம்பஸின் மேலாளர் யார்மோ கெக்கலைனென், அவரே ஒரு ஃபின்லாந்துக்காரர். சொந்த நாட்டுப் பையனைத் தாண்டிப் போய் டுபுவா என்ற வேறொரு பையனை எடுத்தார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. 2021 ஜனவரியில் அதே டுபுவாவைக் கொடுத்து யாரை வாங்கினார்? லைனேவை.

எண்ணெய்க்கிணறு:
பாருங்கோ, திரும்பவும் லைனே. சொன்னன்தானே.

நீலச்சட்டை:
நல்ல ஆளெண்டா வின்னிபெக் ஏன் விட்டது?

தாம்பரத்தான்:
2017-18இல் 44 கோல். அதில் எதிரணிக்கு ஆள் குறையும் பவர்பிளேயில் 20, லீக்கிலேயே அதிகம். அப்போது வயது 19. நீலச்சட்டைக்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

பக்பொறுக்கி:
எல்லோரும் வசதியாக நழுவுகிறீர்கள். என் வாதம் எளிமையானது. 17 கோல் அடித்தவன் என்று எழுதினால், வாசிக்கிற புது ஆள் இவனை லைனே மாதிரிச் சுடுகிறவன் என்று நினைப்பான். இவன் அந்த ரகம் இல்லை. மூலையில் முட்டி மோதி பக்கை மீட்டு அடுத்தவனுக்குக் கொடுக்கிறவன். ஹெல்சின்கியில் அதே அணியின் ஆஹோவும் லைனேவும் பக்கத்தில் இருந்தார்கள், கொடுத்தது கோலாயிற்று. ஆஹோ 14 புள்ளி, லைனே 13. எட்மண்டனுக்குப் போய் இறங்கியபோது "17 அடித்தவன் எங்கே?" என்று கேட்டதே உங்களைப் போன்ற ரசிகர்கள்தான். நிர்வாகம் கெடுத்தது பாதி, இந்தப் பொய்க் கணக்கு கெடுத்தது மீதி.

எண்ணெய்க்கிணறு:
ஓ, இப்ப பெடியனைக் கெடுத்ததே நானோ? நல்லாயிருக்கு கதை. 98ஆம் நம்பர் சட்டை காசு குடுத்து வாங்கினவன் நான். இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்கு. 2020இல திரும்பி வந்து 13ஆம் நம்பர் போட்டபோதும் விட்டுக்கொடுக்கேல்லை. நீர் எத்தினை ஆட்டம் நேரில பார்த்தனீர் தம்பி?

பக்பொறுக்கி:
கோலை எண்ணுவதற்கு அரங்கத்துக்குப் போக வேண்டியதில்லை. 5.

பனிமூட்டம்:
ஜெஸ்ஸி.

எண்ணெய்க்கிணறு:
பழைய பதிவைத் திருத்த மாட்டன். 17.

பக்பொறுக்கி:
5+12.

நீலச்சட்டை:
40.