ராஸ்வெல் என்ற அமெரிக்க டிவி தொடரை மறுபடி பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எனக்கு ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. 2003-ல் பத்தாவது முடித்த லீவில், பெங்களூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் அண்ணன் ஒரு கட்டு சிடி கொண்டுவந்தார். அமெரிக்க டிவியில் ஓடியதை யாரோ அப்படியே பதிவு செய்தது. படம் மங்கல், சத்தம் சில இடங்களில் நடுங்கும். சாயந்திரம் கரண்ட் இருந்தால் இரண்டு பாகம், இல்லையென்றால் அன்று இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்று ஒரு ஊர், 1947-ல் அங்கே பறக்கும் தட்டு விழுந்ததாகச் சொல்வார்கள், கதையில் அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் மேக்ஸ், இசபெல், மைக்கேல் என்ற மூன்று பேர் வேற்றுகிரகத்தார். 1999-லிருந்து 2002 வரை மூன்று சீசன், மொத்தம் 61 பாகம். கூடப் படிக்கும் லிஸ் பார்க்கர் அப்பாவின் ஹோட்டலில், தலையில் ஏலியன் கொம்பு மாட்டிக்கொண்டு பரிமாறுவாள். இரண்டு பேர் சண்டையில் துப்பாக்கி வெடித்து அவள் வயிற்றில் குண்டு பாயும். மேக்ஸ் ஓடிவந்து கையை வைத்துக் குணப்படுத்துவான். உடனே கெட்சப் பாட்டிலை உடைத்து அவள் மேல் ஊற்றி, கெட்சப் கொட்டிவிட்டது என்று சொல்லச் சொல்வான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வயிற்றில் வெள்ளி நிறத்தில் ஒரு கைத்தடம் இருக்கும். அந்தக் கைத்தடத்தை நினைத்துக்கொண்டு நான் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன்!

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ டெலஸ்கோப் தெரியும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-ல் கட்டி முடித்தது. அது நிற்கும் மலைச்சரிவு ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்திருக்கிறது, ஊட்டியின் அட்சரேகையும் அதேதான், அதனால் டெலஸ்கோப்பின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் வானத்தில் ஒரே பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் கவனிக்கலாம். ஸ்கூலில் கூட்டிக்கொண்டு போனபோது அங்கிருந்த சாரிடம், வேறு கிரகத்திலிருந்து ஏதாவது கேட்டிருக்கிறதா சார் என்று கேட்டேன். அவர் பல்சர், குவேசார், சூரியக் காற்று என்று பொறுமையாக விளக்கினார். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் சிடி பார்த்துவிட்டு மாடிக்கு வந்தால் பனிமூட்டத்துக்குள் அது நிற்கும், எனக்கு ராஸ்வெல்லும் முத்தோரையும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரிதான்.

இப்போது மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன மாதம் அதே அண்ணன் டிவிடி பெட்டி அனுப்பினார், இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் டைட்டிலில் வரும், டைடோ என்ற பாடகியின் பாட்டு மட்டும் அப்படியே இருக்க, நான் மனதில் வைத்திருந்த எத்தனையோ காட்சிகளில் வேறு பாட்டு ஓடுகிறது. உரிமைப் பிரச்சினையால் டிவிடிக்கு நிறையப் பாட்டை மாற்றிவிட்டார்களாம். மேக்ஸும் லிஸும் அதே இடத்தில் நிற்கிறார்கள், அதே பார்வை, பாட்டு இல்லை. எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மகளுக்கு அந்தப் பாட்டைத் தனியாகத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினேன்.

பெரிய வித்தியாசம் அது இல்லை. அன்று எனக்கு மேக்ஸ் உயிரைக் காப்பாற்றியது மட்டும் தெரிந்தது. இன்று, யாரிடமும் சொல்லாதே என்று அவன் கெஞ்சும் இடத்தில்தான் நிற்கிறேன். பள்ளிக்கூடம் போகிற பெண், அம்மா அப்பாவிடம் கூடச் சொல்ல முடியாத ஒன்றை அந்த நிமிஷத்திலிருந்து சுமக்கிறாள். வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவள் முகத்தைப் பாருங்கள். ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் வாலண்டியை நான் வில்லன் என்றுதான் வைத்திருந்தேன். ஏலியன் ஏலியன் என்று அலைந்து ஊரில் பெயர் கெட்டுப்போன தகப்பனுக்குப் பிறந்தவர் அவர், அந்த அவமானத்தோடு வளர்ந்தவர். முதல் சீசன் கடைசியில் அவர் மகன் கைல் குண்டடி பட்டுக் கிடக்க, மேக்ஸ் காப்பாற்றும்போது அவர் முகம்! அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகளுக்குக் காவலாகவே மாறிவிடுகிறார். வில்லியம் சாட்லர் என்ற நடிகரின் பெயரை இப்போதுதான் தேடித் தெரிந்துகொண்டேன்.

உங்களுக்கு எது மாறியது, எழுதுங்கள்.

*

அக்கா, நான் கொடைக்கானல் பக்கம், பெருமாள்மலை. எனக்கு மேக்ஸ், லிஸ் இரண்டு பேர் மேலும் அன்றும் பெரிய ஈடுபாடு இல்லை, இன்றும் இல்லை. நான் மைக்கேலுக்காகப் பார்த்தவன்.

மேக்ஸையும் இசபெல்லையும் நல்ல குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது. மைக்கேலுக்கு வாய்த்தது குடித்துவிட்டு அடிக்கிற வளர்ப்பு அப்பன். நான் மாமா வீட்டில் வளர்ந்தவன். அடி கிடையாது, சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர் வீட்டில் வளரும் பிள்ளை பாத்திரத்தில் சோறு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இன்னொரு கரண்டி கேட்கும். அது ஒரு பழக்கம், எனக்கு இன்னும் போகவில்லை.

ஒரு பாகத்தில் மைக்கேல் மழையில் முழுக்க நனைந்து, லிஸின் தோழி மரியாவின் ஜன்னலுக்கு வருவான். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், உள்ளே விடுவாள், அவன் அழுவான், அவள் பிடித்துக்கொண்டிருப்பாள். ஐப்பசி மழையில் தகரக் கூரை சத்தத்தில் வசனம் கேட்காமல்தான் அதை முதலில் பார்த்தேன், பிற்பாடு பார்த்தபோது அந்த இடத்தில் வசனமே அதிகம் இல்லை என்று தெரிந்தது. இந்த வருஷம் திரும்பப் பார்த்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாள். நிறுத்திவிட்டு அவளிடம் மாமா வீட்டுக் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

மூன்றாவது சீசன் பற்றிப் பேச எனக்கு மனம் இல்லை. முதல் சீசனோடு நின்றுபோக இருந்ததை, ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் டபாஸ்கோ சாஸ் பாட்டில்களை டிவி கம்பெனிக்கு அனுப்பிக் காப்பாற்றினார்கள். அந்த ஏலியன்களுக்கு இனிப்பில் காரம் ஊற்றிச் சாப்பிடத்தான் பிடிக்கும், அதனால் அந்த சாஸ். அந்த அன்புக்கு இரண்டாவது சீசன் தகும். லிஸின் நண்பன் அலெக்ஸ் சாகும் இடத்தை மட்டும் நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை, தாண்டிவிட்டேன்.

*

தம்பி, நீங்கள் எழுதியதை ராத்திரி இரண்டு தடவை படித்தேன். மைக்கேலை நான் சரியாகப் பார்க்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. அந்தப் பாகத்தை மகளோடு இன்னொரு முறை போடப் போகிறேன்.

டபாஸ்கோ பற்றிச் சொன்னீர்களே, அப்போது ஊட்டியில் அது எங்கே கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. நானும் சித்தி மகளும் வர்க்கியில் சில்லி சாஸ் ஊற்றித் தின்றோம், மேலே சர்க்கரையும் தூவிக்கொண்டு. நன்றாகத்தான் இருந்தது. போன ஞாயிறு மகளும் செய்தாள்.

அவள் இப்போது இரண்டாவது சீசனில் இருக்கிறாள். எதிர்காலத்திலிருந்து மேக்ஸ் வந்து, எனக்கு உன் மேல் இருக்கும் ஆசை விட்டுப்போகும்படி செய் என்று லிஸிடம் கேட்பானே, அந்தப் பாகம் நாளைக்கு. அவன் 2014-லிருந்து வருகிறான். அன்று எனக்கு 2014 என்றால் எட்டவே முடியாத தூரம். அந்த வருஷம் இவளுக்கு மூன்று வயது, பாலடா பஸ்ஸுக்கு இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

கதை என்ன என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.