புதுப்பிப்பு: அம்மாவுக்கும் பயணக் காப்பீடு எடுத்தாச்சு
சர்க்கரை நோயுள்ள அம்மாவோடு குடும்பமாகப் பாரிஸ், சுவிட்சர்லாந்து போக எந்தக் காப்பீடு எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உள்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ காப்பீடு வேண்டும். அங்கே ஆஸ்பத்திரிச் செலவை நினைத்து நாங்கள் 1 லட்சம் டாலருக்கே எடுத்தோம்.

அம்மாவுக்கு மட்டும் தனி பாலிசி. முதலில் பார்த்த குடும்ப பாலிசியில், 60 வயது தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஆபரேஷன் என ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு. அது உள்ளே பொடி எழுத்தில்தான் இருந்தது. சர்க்கரையை மறைக்காமல் எழுதினோம். பிரீமியம் ஏறியது, பரவாயில்லை. ஆனாலும் அந்த நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால்தான் பணம் தருவார்கள், வழக்கமான மாத்திரைக்குக் கிடையாது. அதனால் மருந்தெல்லாம் டாக்டர் சீட்டோடு கைப்பையில் வருகிறது.

அப்புறம், விசா மறுக்கப்பட்டால் சிறு கட்டணம் போக மீதி பிரீமியம் திரும்பக் கிடைக்கும் என்று எங்கள் பாலிசியில் இருக்கிறது. வாங்கும் முன் இதையும் கேளுங்கள்.