தூளியை ஆட்டிக்கொண்டே போனில் பேசிய எட்டு வாரங்கள்

இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, போடிக்கு வந்திருந்தேன். முதல் பத்து நாள் சும்மா சும்மா அழுகை வந்தது. அது நிறையப் பேருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும் என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன். நாற்பது நாள் தாண்டியும் அடங்கவில்லை. பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் கிடையாது, பால் குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால் மனசில் ஒன்றுமே தோன்றாது, அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. அம்மா திருஷ்டி கழித்தார், தாயத்து கட்டினார். பிரசவம் பார்த்த இடத்தில் சொன்னால், "பச்ச உடம்பு, சரியாப் போயிடும்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்கு 14416-க்கு அடித்தேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எடுத்தவர், "பக்கத்துல யார் இருக்காங்க, பாப்பா பத்திரமா இருக்கா?" என்றார். அதற்கே உடைந்து அழுதுவிட்டேன்.

அவர்கள் சொல்லித்தான் மனநல மருத்துவரைப் பார்த்தேன். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி உள்ள தாள், கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும், மொத்தம் 30 மதிப்பெண். எனக்கு 17. பத்தாவது கேள்வி, உங்களையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. அங்கே பேனா நின்றுவிட்டது, அப்புறம் 'சில சமயம்' என்பதில் டிக் அடித்தேன்.

கைப்பிள்ளையோடு வாராவாரம் பஸ் ஏற முடியாது என்றதும் ஆலோசகர் போனிலேயே பேசலாம் என்றார். முதல் இரண்டு வாரம் நான் 'ம்' தவிர ஒன்றும் சொல்லவில்லை. இரண்டே அறை வீடு, கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா பூண்டு உரிக்கிறார், எதைப் பேசுவது? அவர் புரிந்துகொண்டு, "ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேள்விகளையே மாற்றிக் கேட்டார். மூன்றாவது வாரம் மொட்டை மாடி அறையில் தூளி கட்டிக்கொண்டேன். போன் அரிசி டிரம் மேல், ஒரு கையில் தூளிக் கயிறு. "சத்தம் கேக்குது, ஆட்டிக்கிட்டே பேசுங்க" என்றார். 'நான் நல்ல அம்மா இல்லை' என்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு அவர் ஆறுதல் சொல்லவில்லை, இன்று காலையிலிருந்து பிள்ளைக்கு என்னென்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

யாருக்காவது இது உதவும் என்றால், முதலில் அவளுக்குத் தனியாகப் பேச ஓர் இடம் கொடுங்கள். சிக்னலைவிட அதுதான் முக்கியம்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன், பிரசவத்துக்குப் பிறகு என் மனைவிக்கும் ஆலோசனை போனில்தான் நடந்தது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. புதன்கிழமை மட்டும் சீக்கிரம் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் தெருவில் நடப்பேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவள் பேசியதை நான் கேட்டதில்லை. ஆறாவது வாரம் அவளாகவே காபி போட்டு வைத்திருந்தாள்.

* * *

என் தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகு வந்தது போனில் பேசித் தீர்வதாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ராத்திரி கண்ணே மூடவில்லை, யாரோ குழந்தையைத் தூக்கிப் போகச் சொல்கிறார்கள் என்றாள். அது அவசரம், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு 2009 முதல் இருக்கிறது. அங்கே சேர்த்தோம், நானும் கூடவே தங்கினேன். குணமாகி ஊருக்கு வந்த பிறகுதான் போனில் பேசுவது தொடங்கியது, இன்னமும் மாதம் ஒரு முறை பேசுகிறாள்.