21 செ.மீ. ஹைட்ரஜன் சிக்னல் சிக்கவில்லை, எங்கே பிழை?

வணக்கம் நண்பர்களே. பால்வீதி ஹைட்ரஜனின் 1420.4 மெகாஹெர்ட்ஸ் (அலைநீளம் 21 செ.மீ.) ரேடியோ அலையைப் பிடிக்க டின் ஆன்டெனா ஒன்று செய்திருக்கிறோம். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

டின் 15 செ.மீ. விட்டம். (12.4 செ.மீ.க்குக் குறைந்தால் இந்த அலை உள்ளே ஓடவே ஓடாது, சின்ன பால்பவுடர் டின் எல்லாம் வேலைக்கு ஆகாது.) உள்ளே நிற்கும் செம்புக் கம்பி 5.2 செ.மீ., பின்சுவரிலிருந்து 9.3 செ.மீ. தள்ளி. வாயில் தகரக் கூம்பு. கம்பியை ஒட்டியே ஃபில்டர் உள்ள எல்என்ஏ (இரைச்சல் குறைந்த சிக்னல் பெருக்கி), பிறகு 3 மீட்டர் கேபிள், ஆர்டிஎல் எஸ்டிஆர் (யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்), லேப்டாப்.

சிக்கல் இதுதான்: வானத்தைப் பார்க்கும்போதும் தரையைப் பார்க்கும்போதும் இரைச்சல் வித்தியாசம் 0.5 டெசிபல்கூட இல்லை. தரை சுமார் 300 கெல்வின், வானம் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. தரைப் பக்கம் திருப்பினால் சில டெசிபலாவது ஏற வேண்டும். எல்என்ஏ முனையில் 4.5 வோல்ட் வருகிறது, அதனால் பயாஸ் டீ (கேபிள் வழியாகவே எல்என்ஏவுக்கு மின்சாரம் அனுப்பும் பகுதி) மேல் சந்தேகமில்லை. ரிசீவரின் கெயினை (பெருக்கும் அளவை) குறைத்தும் பார்த்தாயிற்று. திரையில் அலைவரிசை வரைபடத்தின் நடுவில் தெரியும் ஊசிமுனை எஸ்டிஆரின் சொந்தக் கோளாறு, அதை விடுங்கள்.

கனெக்டரின் வெளிவளையம் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எர்த் சேராததுதான் காரணமா? அல்லது பக்கத்து செல் டவரால் எல்என்ஏ திணறுகிறதா? பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?